டேலியா வளர்ப்பவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள்

கோத்தகிரிப் பக்கம் எங்கள் வீட்டு வாசலில் இருபது வருடமாக டேலியா இருக்கிறது. பூக்கும் நேரத்தில் வருகிறவர்கள் எல்லோரும் கிழங்கு கேட்பார்கள். நானும் பெயர் எழுதி வைத்துக்கொண்டு, கிழங்கு எடுக்கும்போது கொடுத்தனுப்புவேன். கொஞ்ச நாளில் போன் வரும். "அக்கா, முளைக்கவே இல்லை." "அக்கா, அழுகிப் போச்சு." கோவையில் இருக்கும் என் தங்கையும், ஓசூரில் இருக்கும் சித்தி மகனும் கேட்டது இதே கேள்விகளைத்தான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதற்குப் பதில் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். கேள்விகளை அவரவர் கேட்ட வார்த்தையிலேயே விட்டிருக்கிறேன்.

டேலியா என்பது சாமந்தியில் ஒரு வகையா?

சாமந்தி இல்லை, ஆனால் உறவு உண்டு. சாமந்தி, சூரியகாந்தி, துலுக்கச் சாமந்தி எல்லாம் ஒரே குடும்பம். டேலியாவும் அதே குடும்பம்தான். பெரிய வித்தியாசம் என்னவென்றால் டேலியாவுக்கு மண்ணுக்குள் கிழங்கு உண்டு. ஒரு கொத்துச் சர்க்கரைவள்ளிக் கிழங்கைத் தண்டோடு பிடுங்கி எடுத்தது போல இருக்கும்.

இதன் சொந்த ஊர் மெக்சிகோவின் மலைப்பகுதி. 1963-ல் அந்த நாடு இதைத் தேசிய மலராக அறிவித்தது. 1791-ல் மாட்ரிட் அரச தாவரவியல் பூங்காவில் இருந்த கவனில்லெஸ் என்பவர், ஆண்டர்ஸ் டால் என்ற ஸ்வீடன் நாட்டுத் தாவரவியலாளரின் நினைவாக இந்தப் பெயரை வைத்தார். பெயர்க் கதையை விட்டாலும் ஊர்க் கதையை மறக்காதீர்கள். அந்த மலையில் கோடையில் மழை, குளிர்காலத்தில் வறட்சி. மழையில் செடி வளர்ந்து பூக்கும், வறண்ட காலத்தில் கிழங்குக்குள் ஒடுங்கித் தூங்கும். கீழே நான் சொல்லப்போகும் பாதி விஷயம் இந்த ஒரு பழக்கத்திலிருந்து வருவதுதான்.

சீட்டில் "டெக்கரேட்டிவ்" என்று போட்டிருக்கிறதே, அப்படி என்றால்?

இதழ் அகலமாக, தட்டையாக இருக்கும். அடுக்கடுக்காக நிறைந்து நடுவில் உள்ள மஞ்சள் பொட்டு வெளியே தெரியாது. அதுதான் டெக்கரேட்டிவ். அதிலும் இரண்டு உண்டு. இதழ்கள் அளந்து அடுக்கியது போல ஒழுங்காக இருந்தால் ஃபார்மல். இதழ் கொஞ்சம் நெளிந்து, முறுக்கிக்கொண்டு இருந்தால் இன்ஃபார்மல். இதழ் பின்பக்கமாகச் சுருண்டு ஊசிபோல் நீட்டிக்கொண்டு இருப்பது கேக்டஸ் வகை. பந்து மாதிரிச் சின்னதாக, இதழ் உள்பக்கம் குழலாகச் சுருண்டிருப்பது பாம்பான்.

டெக்கரேட்டிவ் வகையில் நான்கு அங்குலத்துக்குக் குறைவான பூவும் உண்டு, பத்து அங்குலம் தாண்டும் பூவும் உண்டு. எல்லோரும் முதலில் பெரியதைத்தான் கேட்கிறார்கள். புதிதாக ஆரம்பிப்பவர்கள் நான்கிலிருந்து ஆறு அங்குலப் பூ வரும் செடியை வாங்குங்கள் என்பேன். பூ நிறைய வரும், தண்டு தாங்கும், ஒரு மழைக்குத் தலை தொங்காது.

எங்கள் ஊரில் வருமா அக்கா? நாங்கள் இருப்பது சென்னை.

வரும். ஆனால் மலையில் ஐந்து மாதம் பூப்பது அங்கே இரண்டு, இரண்டரை மாதம்தான். பகலில் வெயில் 30 டிகிரியைத் தாண்டத் தொடங்கினால் பூ சின்னதாகும். மொட்டு விரியாமலே பழுப்பாகிக் கருகும். இரவுக் குளிர்ச்சிதான் இந்தச் செடிக்கு முக்கியம். ஊட்டி, கொடைக்கானல், ஏற்காடு, கோத்தகிரி எல்லாம் இதற்கு ஏற்ற இடங்கள். ஏறக்குறைய 3,000 அடி உயரத்தில் இருக்கும் ஓசூரில் நன்றாக வருகிறது. கோவையில் குளிர்காலத்தில் வருகிறது. சென்னையில் கஷ்டப்பட்டால் வரும். கஷ்டம் வெயிலால் மட்டும் இல்லை. நட வேண்டிய நேரத்தில் வடகிழக்குப் பருவமழை கொட்டுகிறது. அதனால் கடலோர ஊர்களில் தரையில் நடாதீர்கள். தொட்டியில் வைத்தால் மழைக்கு உள்ளே நகர்த்திக்கொள்ளலாம்.

மே மாதம் மலர்க் கண்காட்சி பார்க்க ஊட்டிக்கு வந்தபோது, பூவோடு ஒரு தொட்டி வாங்கிப் போனேன். பத்தே நாளில் வாடிவிட்டது. என்ன தப்பு செய்தேன்?

நீங்கள் தப்பு எதுவும் செய்யவில்லை. வாங்கிய மாதம்தான் தப்பு. 20 டிகிரியில் பூத்துக்கொண்டிருந்த செடியைக் கத்திரி வெயிலில் கொண்டுபோய் இறக்கினால் அதனால் தாங்க முடியாது. கண்காட்சிக்கென்று பல மாதம் முன்பிருந்தே தயார் செய்து, சரியாக மே மாதம் பூக்கும்படி கொண்டுவந்த செடிகள் அவை.

செடி வாடினாலும் தொட்டியைத் தூக்கி எறிய வேண்டாம். வாடிய தண்டை நான்கு விரற்கடை விட்டு வெட்டுங்கள். தண்ணீரை நிறுத்திவிட்டு, வீட்டிலேயே குளிர்ச்சியான நிழலில் வையுங்கள். உள்ளே கிழங்கு கெட்டியாக இருந்தால் செப்டம்பரில் திரும்ப முளைக்க வாய்ப்பு உண்டு. என் தங்கை வீட்டில் இப்போது இருக்கும் மஞ்சள் டேலியா அப்படிப் பிழைத்து வந்ததுதான்.

எந்த மாதம் நடணும்?

மலையில் பிப்ரவரி கடைசியிலிருந்து ஏப்ரல் வரை. உறைபனி விழும் ஊட்டி போன்ற இடங்களில் பனி முடிந்த பிறகு. சமவெளியில் செப்டம்பர், அக்டோபர். கிழங்கு நட்டதிலிருந்து முதல் பூவுக்கு 10 முதல் 12 வாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சமவெளியில் மழைக்குப் பயந்து டிசம்பர் வரை தள்ளிப்போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அதில் ஒரு சிக்கல் உண்டு. பகல் நேரம் 12 மணிக்கும் கீழே குறையும்போது டேலியா கிழங்கு வைப்பதில் கவனத்தைத் திருப்பிவிடும். டிசம்பரில் நம் ஊரில் பகல் பதினொன்றரை மணி நேரம்தான். சின்னச் செடி அந்த நேரத்தில் வளரத் தொடங்கினால், முழங்கால் உயரத்தில் இரண்டு பூ காட்டிவிட்டு நின்றுவிடும். அதற்குள் செடி ஓரளவு உடம்பு பிடித்திருக்க வேண்டும். அதனால்தான் செப்டம்பர் என்கிறேன்.

கிழங்கு வாங்கும்போது எதைப் பார்த்து வாங்கணும்? பெரிய கிழங்குதானே நல்லது?

பெரியது என்பதற்காக வாங்காதீர்கள். கண் இருக்கிறதா என்று பாருங்கள். உருளைக்கிழங்கில் உடம்பெல்லாம் கண் இருக்கும். டேலியாவில் அப்படி இல்லை. கிழங்கின் கழுத்து பழைய தண்டோடு சேரும் இடத்தில், அந்த ஒரு விரற்கடை அகலத்தில் மட்டும்தான் முளைக் கண் இருக்கும். குண்டூசித் தலை அளவில் சின்ன மேடு, சில சமயம் இளஞ்சிவப்பாக. அந்தப் பகுதி இல்லாமல் ஒடிந்து வந்த கிழங்கு எவ்வளவு கொழுத்திருந்தாலும் முளைக்காது. வேர் விடும், மாதக்கணக்கில் பச்சையாகவே இருக்கும், ஆனால் செடி வராது.

இரண்டாவது, கழுத்தை மெல்ல அசைத்துப் பாருங்கள். ஒடிந்து தோலில் மட்டும் தொங்கிக்கொண்டிருந்தால் வேண்டாம். விரலால் அழுத்தினால் கெட்டியாக இருக்க வேண்டும். லேசாகச் சுருங்கியிருந்தால் பரவாயில்லை. பிசுபிசுவென்று இருந்தால் இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

எப்படி நடுவது?

ஒரு நாளில் ஆறு மணி நேரமாவது வெயில் விழும் இடம் வேண்டும். சமவெளியில் காலை வெயில் பட்டு மதியத்துக்கு மேல் நிழல் வந்தால் இன்னும் நல்லது. ஒன்றரை அடி ஆழத்துக்கு மண்ணைக் கொத்தி, நன்றாக மக்கிய தொழுவுரம் கலந்து விடுங்கள். களிமண்ணாக இருந்தால் ஆற்று மணல் கட்டாயம். எங்கள் நீலகிரி மண் புளிப்பு மண். தேயிலைக்கு அது சரி, டேலியாவுக்கு அவ்வளவு புளிப்பு ஆகாது. புளிப்பு குறைய, நடுவதற்கு ஒரு மாதம் முன்பு டோலமைட் சுண்ணாம்புத் தூள் தூவிக் கொத்திவிடுவேன்.

முதலில் ஊன்றுகோலை நடுங்கள், அப்புறம் கிழங்கு. இதைப் பலர் மாற்றிச் செய்கிறார்கள். செடி வளர்ந்து சாய்ந்த பிறகு மூங்கில் குச்சியை அடித்து இறக்கினால் அது கிழங்கைக் குத்திக்கொண்டு போகும். கிழங்கைப் படுக்கைவாட்டில், கண் மேல்பக்கமாக, நான்கைந்து அங்குல ஆழத்தில் வையுங்கள். கண் குச்சியின் பக்கம் இருக்கட்டும். பெரிய வகைக்குச் செடிக்குச் செடி மூன்று அடி, மற்றதற்கு இரண்டு அடி.

நட்டு இருபது நாள் ஆச்சு. தினமும் தண்ணீர் ஊற்றுகிறேன், முளைக்கவே இல்லை.

அந்தத் தினமும் ஊற்றிய தண்ணீர்தான் காரணமாக இருக்கும். எனக்கு வருகிற போன்களில் பாதி இதுதான். முளை வராத கிழங்குக்கு இலை கிடையாது, வேரும் கிடையாது. ஊற்றுகிற தண்ணீரை எடுத்துக்கொள்ள அங்கே ஆளே இல்லை. கிழங்கு தனக்கு வேண்டிய ஈரத்தை உள்ளேயே வைத்திருக்கிறது. வெளியே ஈரம் நின்றால் அழுகும்.

நடும்போது மண் பிசைந்தால் உதிர்கிற அளவு ஈரமாக இருந்தால் போதும். முளை மண்ணுக்கு மேல் தலை காட்டும் வரை ஊற்ற வேண்டாம். மண் சுத்தமாகக் காய்ந்துவிட்டால் மட்டும் ஓரமாகக் கொஞ்சம் தெளியுங்கள். முளைக்க இரண்டு வாரமும் ஆகும், ஐந்து வாரமும் ஆகும். சந்தேகமாக இருந்தால் விரலால் மெதுவாக மண்ணை விலக்கிப் பாருங்கள். கெட்டியாக இருந்தால் மூடிவிட்டுக் காத்திருங்கள். செடி ஒரு அடி வளர்ந்த பிறகு கதையே மாறிவிடும். அப்போது நிறையக் குடிக்கும். வாரத்தில் மூன்று முறை வேர் வரை இறங்கும்படி ஊற்ற வேண்டும்.

மாடியில் க்ரோ பேக்கில் வளர்க்கலாமா?

வளர்க்கலாம். குறைந்தது 12 அங்குல அகலமும் ஆழமும் வேண்டும். பெரிய வகைக்கு 15. செம்மண், தென்னை நார்க்கழிவு, மண்புழு உரம் மூன்றும் சம அளவு, அதோடு ஒரு கை வேப்பம்பிண்ணாக்கு. நார்க்கழிவு இந்த அளவுக்கு மேல் போனால் ஈரம் அதிகம் பிடித்துக்கொள்ளும். மாடித் தரை சூடு வேருக்கு ஏறாமல் இருக்க, பையை இரண்டு செங்கல் மேல் தூக்கி வையுங்கள்.

நன்றாக வளர்கிற செடியின் நுனியைக் கிள்ளச் சொல்கிறீர்களே, மனசே வரவில்லை.

எனக்கும் முதல் வருடம் வரவில்லை. கிள்ளாமல் விட்ட செடி ஒரே தண்டாக ஐந்தடி போய், உச்சியில் ஒரு பூ வைத்து, ஆடி மாதக் காற்றில் ஒடிந்து விழுந்தது. பக்கத்தில் கிள்ளிய செடி இடுப்பளவு உயரத்தில் ஏழெட்டுக் கிளையோடு நின்றது.

நான்கு ஜோடி இலை வந்ததும், அதற்கு மேல் இருக்கும் நடு நுனியை நகத்தால் கிள்ளி எடுங்கள். இலைக் கணுக்கள் ஒவ்வொன்றிலிருந்தும் கிளை கிளம்பும். முதல் பூ இரண்டு வாரம் தள்ளிப்போகும், அவ்வளவுதான். கிள்ளியதை எறியாதீர்கள், அது என்னவாகும் என்று பின்னால் சொல்கிறேன்.

கண்காட்சியில் பார்த்தது மாதிரி சாப்பாட்டுத் தட்டு அளவுக்குப் பூ வரணும். என்ன உரம் போடணும்?

உரத்தால் மட்டும் அந்த அளவு வராது. முதலில் அந்த அளவு பூக்கும் இரகமாக இருக்க வேண்டும். 'கெல்வின் ஃப்ளட்லைட்' என்ற மஞ்சள் இரகம் அப்படிப்பட்டது. இராமகிருஷ்ண மிஷன் துறவியான சுவாமி வினயானந்தா இந்தியாவிலேயே உருவாக்கிய இரகங்களிலும் பெரிய பூக்கள் உண்டு. 'பிக்குஸ் மதர்' அதில் ஒன்று.

அப்புறம் மொட்டு நீக்க வேண்டும். டேலியாவில் ஒவ்வொரு கிளை நுனியிலும் மூன்று மொட்டு வரும்: நடுவில் பெரியது, இரண்டு பக்கமும் சிறியது. பக்கத்து மொட்டுகள் பட்டாணி அளவு இருக்கும்போதே விரலால் தள்ளி உடைத்துவிடுங்கள். அதற்கு அடுத்த கணுவில் வரும் பக்கக் கிளைகளையும் எடுங்கள். ஒரு செடிக்கு நான்கு கிளைக்கு மேல் விடாதீர்கள். செடியின் சத்து முழுக்க நான்கு பூவுக்குப் போகும். ஆனால் வாசல் நிறையப் பூ வேண்டும் என்பவர்கள் இந்த வேலையே செய்ய வேண்டாம். நான் இரண்டு செடிக்கு மட்டும் செய்கிறேன்.

சரி, உரம் என்னதான் போடுவது?

நடும்போது போட்ட தொழுவுரத்தோடு செடிக்கு ஒரு கை எலும்புத்தூள். மொட்டு வரும் நேரத்தில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, ஊறவைத்துத் தெளிந்த கடலைப்பிண்ணாக்குத் தண்ணீரைப் பத்துப் பங்கு நீர் சேர்த்து ஊற்றலாம். பூக்கத் தொடங்கிய பிறகு அதை நிறுத்திவிட்டு, மண்ணின் புளிப்பு பார்த்து விறகுச் சாம்பல் கொஞ்சம் தூவுவேன். யூரியா வேண்டாம்.

செடி ஆளுயரம் வளர்ந்திருக்கிறது, இலை கரும்பச்சையாக இருக்கிறது, பூ மட்டும் இல்லை.

யூரியா வேண்டாம் என்றதன் காரணம் இதுதான். தழைச்சத்து அதிகமானால் இலையாகவே போகும். கிழங்கும் தண்ணீர் கோத்து, எடுத்து வைத்தால் கெட்டுவிடும். கோழி எருவைப் பச்சையாகப் போட்டவர்களுக்கும் இதே கதை.

உரம் போடவில்லை என்றால் நிழலைச் சந்தேகப்படுங்கள். சில்வர் ஓக் மரத்தடியில் இருந்த என் செடி மூன்று வருடம் பூக்கவில்லை. எட்டடி தள்ளி வெயிலில் நட்டதும் அந்த வருடமே பூத்தது.

எது மொட்டு, எது வாடிய பூ என்றே தெரியவில்லை. மொட்டை வெட்டி எறிந்துவிட்டேன்.

எல்லோருக்கும் ஒருமுறை நடப்பதுதான். தொட்டுப் பாருங்கள். மொட்டு உருண்டையாக, மேல்பக்கம் தட்டையாக, பொத்தான் மாதிரிக் கெட்டியாக இருக்கும். இதழ் உதிர்ந்த பூ கூம்பாக, நுனி கூர்மையாக இருக்கும். அழுத்தினால் மெத்தென்று ஈரம் கசியும்.

வாடியதை அவ்வப்போது வெட்டுவது அவசியம். விட்டால் விதைக்குப் போகும், பூ குறையும். வெறும் தலையை மட்டும் கிள்ளாமல், தண்டை அடுத்த கிளை வரை கீழே வந்து வெட்டுங்கள்.

ஜாடியில் வைத்தால் மறுநாளே தொங்கிவிடுகிறது.

காலையில் வெயில் ஏறும் முன் வெட்டுங்கள். முக்கால்வாசி விரிந்த பூவை எடுங்கள். டேலியா மொட்டு ஜாடியில் விரியாது. வெட்டியதும் தண்டின் அடி இரண்டு அங்குலத்தை, கை வைக்க முடியாத அளவு சூடான தண்ணீரில் நிறுத்தி, அது தானாக ஆறும் வரை விடுங்கள். அப்புறம் ஜாடிக்கு மாற்றுங்கள். நான்கைந்து நாள் நிற்கும். மணம் எதிர்பார்க்காதீர்கள், இந்தப் பூவில் வாசனை கிடையாது.

இலையெல்லாம் வெளிறிப் பொடிப் பொடியாகப் புள்ளி. என்ன மருந்து அடிக்கலாம்?

அடிக்கும் முன் ஒரு வெள்ளைத்தாளை இலைக்குக் கீழே பிடித்துத் தட்டிப் பாருங்கள். சிவப்புப் பொடி விழுந்து, அந்தப் பொடி நகர்ந்தால் அது சிவப்புச் சிலந்திப் பேன். வறண்ட வெயிலில் வரும். இலையின் அடிப்பக்கம் மெல்லிய நூலாம்படை இருக்கும். முதலில் தண்ணீர்தான் மருந்து: இலையின் அடியில் படும்படி மூன்று நாள் காலையில் வேகமாகப் பீய்ச்சுங்கள். அடங்காவிட்டால், லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயைக் கொஞ்சம் சோப்புக் கரைசலோடு கலந்து மாலையில் தெளியுங்கள்.

இலை மேல் மாவு தூவியது போல் இருந்தால் சாம்பல் நோய். அடி இலைகளைக் கழித்துக் காற்றோட்டம் கொடுங்கள். நனையும் கந்தகம் லிட்டருக்கு 2 கிராம் அடிக்கலாம், ஆனால் கடும் வெயிலில் அடித்தால் இலை கருகும். வேப்பெண்ணெய் அடித்த செடிக்கு இரண்டு வாரம் கந்தகம் அடிக்கக் கூடாது.

எங்கள் எஸ்டேட்டில் கிழங்கையே தோண்டித் தின்றுவிடுகிறது. எலியா?

எலி என்றால் வளை தெரியும். குழி அகலமாக இருந்து, பக்கத்தில் முள் கிடந்தால் முள்ளம்பன்றி. பாத்தியே உழுதது போல் கிடந்தால் காட்டுப்பன்றி. கிழங்கைச் சுற்றிலும் அடியிலும் கம்பி வலை பதித்து நடுவதுதான் எனக்குப் பலன் கொடுத்தது. காட்டெருமை வாசலுக்கு வந்தால் நான் ஒன்றும் செய்வதில்லை. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வேன். மறுநாள் மிச்சம் இருப்பதைக் கட்டி நிறுத்துவேன்.

பூ முடிந்ததும் கிழங்கைத் தோண்டி எடுத்தே ஆகணுமா?

மலையில் எடுக்காமலும் விடலாம். ஊட்டியில் உறைபனி விழுந்தால் மேல் செடி கருகும். மண்ணுக்குள் அந்தக் குளிர் போகாது; வசந்தத்தில் திரும்ப முளைக்கும். ஆனால் கோத்தகிரிப் பக்கம் அக்டோபர், நவம்பர் மழை பலமாக இருக்கும். தண்ணீர் நிற்கும் இடமானால் எடுப்பதே நல்லது. நான் டிசம்பரில் எடுப்பேன்.

இலை மஞ்சளாகிக் காய்ந்த பிறகு தண்டை அரை அடி விட்டு வெட்டி, ஒரு வாரம் கழித்துத் தோண்டுங்கள். தண்டைப் பிடித்து இழுக்கக் கூடாது, கழுத்து ஒடிந்துவிடும். ஒரு அடி தள்ளிச் சுற்றிலும் மண்ணைத் தளர்த்தி, அடியிலிருந்து தூக்குங்கள். தண்டுக்குள் நிற்கும் தண்ணீர் வடிய ஒரு நாள் தலைகீழாக வையுங்கள். அப்புறம் நிழலில் உலர்த்துங்கள். அப்போதே இரகத்தின் பெயரையும் நிறத்தையும் எழுதிக் கட்டிவிடுங்கள். காய்ந்த பிறகு எல்லாக் கிழங்கும் ஒன்றுபோலத்தான் இருக்கும்.

எங்கள் ஊரில் ஏப்ரல், மே வெயிலில் கிழங்கை எங்கே வைப்பது? ஃபிரிட்ஜில் வைக்கலாமா?

வேண்டாம். ஃபிரிட்ஜுக்குள் உள்ள வறண்ட குளிரில் சுருங்கிப் போகும், தெரியாமல் உறைந்தாலும் போச்சு. சமவெளிக்காரர்களுக்கு உண்மையிலேயே கஷ்டமான கட்டம் இதுதான். ஒரு பக்கம் காய்ந்து சக்கையாகும், இன்னொரு பக்கம் ஈரம் பட்டால் அழுகும்.

தங்கை வீட்டில் இரண்டு வழியும் பார்த்தோம். தொட்டியில் இருந்ததைத் தோண்டாமல், தண்ணீரை நிறுத்தி, தொட்டியைப் படுக்கவைத்து மாடிப்படிக்குக் கீழே இருட்டில் வைத்தது நன்றாகப் பிழைத்தது. தரையில் இருந்ததைத் தோண்டி, மண்பானையில் உலர்ந்த ஆற்று மணலுக்குள் கிழங்குக்குக் கிழங்கு படாமல் அடுக்கி, சமையலறை மூலையில் தரையில் வைத்ததும் பிழைத்தது. மாதம் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். சுருங்கினால் மணலில் ஒரு கை தண்ணீர் தெளியுங்கள். அழுகல் தெரிந்தால் அதுவரை வெட்டி எறிந்து, வெட்டிய இடத்தில் சாம்பல் தடவுங்கள்.

ஒரு கொத்தில் பத்துக் கிழங்கு இருக்கிறது. எப்படிப் பிரிப்பது?

எடுத்த உடனே பிரித்தால் கண் கண்ணுக்குத் தெரியாது. நடுவதற்கு இரண்டு மூன்று வாரம் முன்பு, கொத்தை லேசான ஈரமுள்ள நார்க்கழிவின் மேல் வையுங்கள். கண்கள் இளம்பச்சையாக வீங்கும். கூர்மையான கத்தியால், ஒவ்வொரு துண்டிலும் ஒரு கிழங்கு, அதன் முழுக் கழுத்து, ஒரு கண் மூன்றும் வரும்படி வெட்டுங்கள். வெட்டுவாயில் சாம்பல் தடவி, இரண்டு நாள் காயவிட்டு நடலாம். பத்துக் கிழங்கில் நான்கைந்துதான் தேறும், வருத்தப்படாதீர்கள்.

கிள்ளிய நுனி என்னவாகும் என்று சொல்வதாகச் சொன்னீர்களே?

அது புதுச் செடியாகும். மூன்று அங்குல நுனியைக் கணுவுக்குக் கீழே வெட்டி, அடி இலைகளை எடுத்து, ஈர மணலில் ஊன்றி, மேலே வெட்டிய தண்ணீர் பாட்டிலால் மூடி நிழலில் வையுங்கள். இரண்டு மூன்று வாரத்தில் வேர் பிடிக்கும். அந்த வருடமே பூக்கும், கடைசியில் கிழங்கும் வைக்கும். தண்டின் உள்ளே குழலாகிவிட்டால் வேர் பிடிக்காது. உள்ளே கெட்டியாக இருக்கும் இளம் நுனியாக எடுங்கள்.

எங்கள் நாய் கிழங்கைக் கடித்துவிட்டது. விஷமா?

நாய்க்கும் பூனைக்கும் ஒத்துக்கொள்ளாது. வாந்தி, வயிற்றுப்போக்கு, இலை பட்ட இடத்தில் அரிப்பு வரலாம். பொதுவாகக் கடுமையாக இருக்காது. நிற்காமல் வாந்தி எடுத்தால் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். மெக்சிகோவில் மனிதர்கள் பழங்காலத்திலிருந்தே இந்தக் கிழங்கைச் சாப்பிட்டிருக்கிறார்கள். ஆனால் அலங்காரத்துக்கு விற்கும் கிழங்கில் மருந்து தோய்த்திருப்பார்கள், அதைச் சமைக்காதீர்கள்.

சிவப்பும் வெள்ளையுமாக இருந்த பூ இந்த வருடம் முழுச் சிவப்பாக வந்திருக்கிறது. கிழங்கு மாறிப்போச்சா?

மாறியிருக்காது. இரு நிறப் பூவில் இதழ் நுனி வெள்ளையாக இருப்பது, அந்த இடத்தில் மட்டும் நிறமி உண்டாக்கும் மரபணு அடக்கிவைக்கப்படுவதால்தான். அந்த அடக்கம் நிலையானது இல்லை. ஒரே செடியிலேயே ஒரு கிளையில் முழுச் சிவப்பும் இன்னொரு கிளையில் இரு நிறமும் வரும். இரு நிறம் வேண்டுமென்றால், அப்படிப் பூத்த கிளை எது என்று நூல் கட்டி வைத்து, அதிலிருந்து நுனி எடுத்துப் பதியுங்கள்.

இலை நரம்பை ஒட்டி மஞ்சள் வரி ஓடுகிறது. உரம் போட்டும் சரியாகவில்லை.

புதிதாக வரும் இலைகளிலும் நரம்பை ஒட்டியே மஞ்சள் தெரிந்து, இலை நெளிந்து, செடி குட்டையாக நின்றால் அது மொசைக் வைரஸாக இருக்கலாம். அசுவினிப் பூச்சி ஒரு செடியிலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோகும். வெட்டும் கத்தியும் மற்ற வைரஸ்களைப் பரப்பும். மருந்து கிடையாது. அந்தச் செடியின் கிழங்கிலும், அதன் நுனியிலும் நோய் இருக்கும்.

என் மாமியார் கையால் நட்ட ஊதா டேலியாவுக்கு இது வந்தது. ஒரு வருடம் மனசு கேட்காமல் விட்டேன். அடுத்த வருடம் அதே வரிசையில் நான்கு செடிகளில் மஞ்சள் வரி. ஐந்தையும் கிழங்கோடு தோண்டி எரித்தேன். அன்றிலிருந்து ஒரு செடியை வெட்டியதும் கத்தியைச் சோப்புத் தண்ணீரில் நன்றாகத் தேய்த்துக் கழுவிய பிறகுதான் அடுத்த செடியைத் தொடுவேன்.

விதை போட்டால் அதே பூ வருமா?

வராது. பெரும்பாலான செடிகளில் ஒவ்வொரு குரோமோசோமும் இரண்டு நகலாக இருக்கும். தோட்டத்து டேலியாவில் எட்டு நகல். அதனால் ஒரே பூவின் விதையிலிருந்து வரும் பத்துச் செடியில் பத்து விதமான பூ வரும். பெரும்பாலும் நடுவில் மஞ்சள் பொட்டு தெரியும் ஒற்றை அடுக்குப் பூதான் வரும். அதே பூ வேண்டுமென்றால் கிழங்கு அல்லது நுனிதான் வழி.

ஆனாலும் ஒருமுறை விதை போட்டுப் பாருங்கள் என்று எல்லோரிடமும் சொல்வேன். வாடிய பூ இரண்டை வெட்டாமல் விட்டு, கூம்பு பழுப்பாகிக் காய்ந்ததும் கறுப்பு விதைகளைப் பிரித்து எடுங்கள். ஒரு வாரம், இரண்டு வாரத்தில் முளைக்கும். அந்தப் பருவத்திலேயே பூக்கும். முதல் வருடப் பூவைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். கிழங்கை எடுத்து வைத்து இரண்டாவது வருடமும் பாருங்கள், இதழ் அடுக்கு கூடி வருவது உண்டு. நான் போட்ட முப்பது விதையில் ஒன்று நாவல்பழ நிறத்தில், ஓரம் மட்டும் வெளிறி, ஐந்து அங்குல டெக்கரேட்டிவாக வந்தது. இப்போது அதில் ஆறு கிழங்கு இருக்கிறது. இரண்டு ஓசூருக்கும் ஒன்று கோவைக்கும் என்று பெயர் எழுதி மணலில் வைத்திருக்கிறேன்.